கணக்கிடப்படும் அறம்: ‘அல்ரிமா 4’ எழுப்பும் வினா

இமானுவேல் கான்ற் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஒழுக்கத்தின் அடித்தளம் பற்றிய சிறுநூலிலே ஒரு கடைக்காரன் வருகிறான். விலை அறியாத வாடிக்கையாளரிடமும், சிறு பிள்ளையிடமுங்கூட, அவன் கூடுதலாக வாங்குவதில்லை. அவனுடைய செயல் நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயின், அவன் நேர்மையானவனா? ஏமாற்றினால் பெயர் கெடும், வியாபாரம் குன்றும் என்ற கணக்கே அவனை அவ்வாறு நடக்கச் செய்திருக்கலாம். செயல் கடமைக்கு இசைந்திருப்பது வேறு. கடமையின் பொருட்டே செய்யப்படுவது வேறு. அந்த வேறுபாட்டை நிறுவுவதற்கே கான்றுக்கு அக்கடைக்காரன் தேவைப்பட்டான்.

சரியாக இருநூறு ஆண்டுகளின் பின், 1985இல், அதே வினாவைக் கடைக்காரனிடமிருந்து வாடிக்கையாளனிடம் மாற்றிய ஆக்கமொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. அது தத்துவ நூலன்று; ‘அல்ரிமா 4: அவதாரத்தின் தேடல்’ என்னும் கணனி விளையாட்டு. அதன் களமாகிய பிரித்தானியா என்ற கற்பனை நாட்டிலே, மந்திரத்துக்கு வேண்டிய சரக்குகளை விற்கும் பெண்கள் பார்வையற்றவர்கள். இன்ன சரக்கில் இத்தனை வேண்டும் என்று கேட்டால் விலை சொல்வார்கள். எத்தனை காசு கொடுப்பது என்பதை ஆடுபவரே தட்டச்சுச் செய்யவேண்டும். சொன்ன விலை அறுபது காசாக இருக்க, ஒரு காசு கொடுத்தாலும் அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுத்துவிடுவாள். காவலர் எவரும் வருவதில்லை. திரையிலே கண்டனமாக ஓர் எழுத்தும் தோன்றுவதில்லை. எனினும் நிரலின் உள்ளே, நேர்மை, நீதி, மானம் என்னும் மூன்று அறங்களுக்குரிய எண்கள் ஓசையின்றிக் குறைந்துவிடுகின்றன.

இத்தகைய விளையாட்டு எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இதனை ஆக்கிய றிச்சர்ட் கரியட் 1961இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் பிறந்து, ரெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகருக்கு அண்மையில் வளர்ந்தவர். தந்தை ஓவன் கரியட் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கிப் பணிபுரிந்த விண்வெளி வீரர். மகன் பாடசாலை மாணவனாக இருந்த காலத்திலேயே அப்பிள் 2 கணனிக்கு விளையாட்டு எழுதத் தொடங்கினார். 1981இல் முதலாவது அல்ரிமா வெளிவந்தது, 1983இல் மூன்றாவது. இம்மூன்றிலும் கதை ஏறக்குறைய ஒன்றே: கொடியவன் ஒருவன் இருக்கிறான், வலிமை தேடி அவனை அழிக்கவேண்டும். அந்த வலிமையை எவ்வழியில் தேடினாலும் ஆட்டம் தடுப்பதில்லை. கடையில் திருடலாம், ஊராரைக் கொன்று பொருள் பறிக்கலாம். உண்மையில், அவ்வாறு செய்பவரே விரைவில் வென்றனர்.

மூன்றாவது ஆட்டத்தைக் கரியட் தம் சகோதரரோடு சேர்ந்து நிறுவிய ஒறிஜின் என்ற சொந்த நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். அதன் விளைவாக, ஆடியவர்கள் எழுதிய கடிதங்கள் முதன்முதலாக நேரே அவர் கைக்கு வந்தன. தாம் எவ்வாறெல்லாம் கொள்ளையடித்தோம், யாரையெல்லாம் கொன்றோம் என்று பலர் பெருமிதத்தோடு எழுதியிருந்தனர். இன்னொரு சாரார், பெட்டியின் மேலட்டையிலிருந்த பேயுருவத்தைக் கண்டு, இளைஞரைச் சாத்தானின் வழியிற் செலுத்துபவர் என்று அவரைத் தூற்றியிருந்தனர். இரண்டாவது வகைக் கடிதங்கள் அநீதியானவை. முதலாவது வகையே அவரை உறுத்தியிருக்கவேண்டும். வீரன் என்று தாம் பெயரிட்டிருந்தவன் செயலளவிற் கொள்ளைக்காரனாக இருந்தான் என்பதை ஆடியவர்களே எழுத்தில் ஒப்புவித்திருந்தார்கள்.

நான்காவது ஆட்டத்திலே கொடியவன் இல்லை. நாட்டில் அமைதி நிலவுகிறது. ஆடுபவர் எட்டு அறங்களிலும் நிறைவெய்தி, பாதாளக் குகையின் அடியிலுள்ள ஞானநூலைக் காண்பதே நோக்கம். முந்திய ஆட்டத்தினும் பதினாறு மடங்கு பரந்த நிலப்பரப்பு, பெயரும் கவலையும் உடைய மாந்தர், எட்டு அறங்களுக்கும் எட்டு நகரங்கள், வழிபாட்டிடங்கள், மந்திரச் சொற்கள் யாவும் 64 கிலோபைற் நினைவகமுள்ள கணனியில் ஓடுமாறு சில நெகிழ்வட்டுகளில் அடக்கப்பட்டிருந்தன. பெட்டிக்குள்ளே துணியில் அச்சிட்ட தேசப்படமும், எகிப்தியரின் உயிர்க்குறியை ஒத்த உலோகச் சின்னமும், இரு கைந்நூல்களும் இருந்தன. இன்று ஒரு சாதாரண ஒளிப்படம் பிடிக்கும் இடத்திற் சிறுபகுதியே இவ்வுலகம் முழுவதுக்கும் போதுமாக இருந்தது என்பது வியப்பே. ஆனால் நமது விசாரணைக்கு அது முக்கியமன்று.

முக்கியமானது தொடக்கமே. ஆட்டத்தில் நுழைபவரைக் குறிசொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தி ஏழு வினாக்கள் கேட்கிறாள். ஒவ்வொன்றும் இரண்டு அறங்களை எதிரெதிரே நிறுத்துகின்றது. நேர்மையைக் காத்தால் இரக்கம் குன்றும். நீதியை நிலைநாட்டினால் தியாகம் கைநழுவும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தெரிவது எளிது. நன்மை இரண்டிடையே ஒன்றைத் தெரிவதற்கே சிந்தனை வேண்டும். எட்டு அறங்கள் இவ்வாறு மோதி ஏழு வினாக்களில் ஒன்று எஞ்சுகிறது; அதுவே ஆடுபவரின் தொழிலையும் பிறந்த ஊரையும் தீர்மானிக்கின்றது. பணிவைத் தெரிந்தவர் இடையராகப் பிறப்பார். ஆட்டத்தில் மிகவும் வலுக்குறைந்த தொடக்கம் அதுவே; பணிவுக்கு வேறெந்தப் பரிசும் பொருந்தாது என்று ஆசிரியர் கருதினார் போலும்.

பின்னர் நடப்பவை எல்லாம் கணக்கு. இரப்போர்க்குக் காசு கொடுத்தால் இரக்கம் வளரும். வைத்தியரிடம் குருதி கொடுத்தால் தியாகம் வளரும். கொடிய எதிரியைக் கண்டு ஓடினால் வீரம் குறையும். ஆனால் பாம்பு, எலி போன்ற தீமையற்ற உயிர்கள் தாக்கும்போது அவற்றைக் கொல்லாமல் தப்பியோட விடவேண்டும். எல்லாவற்றிலும் கடுமையான சோதனை மந்திரவாதி மொன்டெயினின் மண்டையோடு. அதனைக் கையில் எடுத்துப் பயன்படுத்தினால் கண்முன் நிற்கும் எதிரிகள் யாவரும் மடிவர். கூடவே, தேடிய அறங்கள் எட்டும் வீழும். அதனைத் தேடி எடுப்பதும், எடுத்தபின் பயன்படுத்தாது பாதாளத்தில் எறிவதும் ஆடுபவரின் கையிலேயே உள்ளன.

இங்கேதான் கான்ற்றின் கடைக்காரன் மீண்டும் வந்து நிற்கிறான். ஆட்டத்தில் வெல்வதற்காக ஒருவர் இரப்போனுக்குக் காசு கொடுத்தால், அதனை இரக்கம் என்று எவ்வாறு அழைப்பது? இயந்திரத்துக்கு நோக்கம் தெரியாது. ஒரு காசு கொடுத்தவனையும் நூறு காசு கொடுத்தவனையும் அது பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆய் அண்டிரனைப் பாடிய ஏணிச்சேரி முடமோசியார், அவனுடைய கொடை மறுமைப் பயனை எதிர்நோக்கும் வாணிகம் அன்று என்று பிரித்துக் காட்டிப் புகழ்ந்தார். அந்த அளவுகோலை வைத்து நோக்கின், பிரித்தானியாவில் உலவும் புண்ணியவான்களிற் பெரும்பாலோர் வணிகரே. இந்த மறுப்பை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது.

அரிஸ்ரோட்டிலின் துணைகொண்டு இதற்கு விடை கூறுவோர் உளர். யாழை மீட்டியே யாழ்வல்லோன் ஆவதுபோல, நீதியான செயல்களைச் செய்தே ஒருவன் நீதிமான் ஆகிறான் என்பது அவர் கொள்கை. தொடக்கத்தில் நோக்கம் தூயதாக இல்லாவிடினும் பழக்கம் அதனைத் தூய்மையாக்கும் என்று இதிலிருந்து பெறலாம். இவ்விடை ஓரளவே பொருந்தும். ஏனெனில் அதே நூலிலேயே அவர் மேலும் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறார்: செய்பவன் அறிந்து செய்யவேண்டும், அச்செயலை அதன் பொருட்டே தெரிந்தெடுக்கவேண்டும், உறுதியான குணத்திலிருந்து அது எழவேண்டும். விசைப்பலகையில் தட்டும் ஒரு காசு இம்மூன்றில் முதலாவதையே நிறைவு செய்கின்றது.

எனது கருத்தில், இந்த ஆட்டத்தின் அறவியற் பெறுமதி அதன் கணக்கில் இல்லை. கணக்கை மறைத்ததில் இருக்கிறது. அறங்களுக்குரிய எண்கள் எவையும் திரையில் தோன்றுவதில்லை. அரசனின் கோட்டையிலே ஹோக்விண்ட் என்னும் ஞானி இருக்கிறார்; கேட்டால் இன்ன அறத்தில் இன்ன நிலையில் இருக்கிறாய் என்று சொல்லால் உணர்த்துவார், எண்ணாற் கூறமாட்டார். 1985இல் இதனை ஆடியவர், குருட்டுப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தது பதிவாகியதா இல்லையா என்பதை அக்கணத்தில் அறிய வழியில்லை. அறியாத நிலையில் அவர் செய்யக்கூடியது ஒன்றே: தம் செயலைத் தாமே நிறுத்துப் பார்ப்பது. பிளேற்றோவின் ‘குடியரசு’ கூறும் கைஜெஸ் என்ற இடையனுக்கு, அணிந்தவனை மறைக்கும் மோதிரம் கிடைத்தது. காண்பார் இல்லை என்ற உறுதி கிடைத்ததும் அவன் அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று ஆட்சியைக் கவர்ந்தான். (பணிவின் உருவாக அல்ரிமாவில் வருபவனும் இடையனே என்பது வேடிக்கையான பொருத்தம்.) கரியட் ஆடுபவருக்குக் கொடுத்தது அரைகுறை மோதிரம். மறைந்திருக்கிறோம் என்றும் சொல்லமுடியாது, காணப்படுகிறோம் என்றும் சொல்லமுடியாது. மனிதர் பெரும்பாலும் வாழும் நிலையும் அதுவே அல்லவா?

இதன் மறுதலையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இன்று எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்பது அட்டவணையாகக் கிடைக்கின்றது. நிரலைப் பிரித்தறிந்து மீள எழுதியவர்கள் அதனை ஒளிவின்றித் தந்துவிட்டார்கள். அட்டவணையைக் கண்டபின் ஆடுபவர் குருதி கொடுப்பது இத்தனை தடவை, காசு கொடுப்பது இத்தனை தடவை என்று சில மணி நேரத்தில் எண்மடங்கு புண்ணியவான் ஆகிவிடலாம். அவ்வாறு ஆடியவருக்கு இது சலிப்பூட்டும் விளையாட்டு என்றே தோன்றும். அவரைக் குறைகூற முடியாது. அவர் ஆடியது வேறோர் ஆட்டம்.

பணிவு பற்றிய சிக்கல் இதனிலும் நுண்ணியது. கரியட்டின் அமைப்பிலே உண்மை, அன்பு, துணிவு என்ற மூன்றும் மூலங்கள். ‘ஓஸ் நாட்டு மந்திரவாதி’ கதையில் மூளை தேடிய வைக்கோற் பொம்மை, இதயம் தேடிய தகர மனிதன், துணிவு தேடிய சிங்கம் ஆகிய மூவரும் இம்மூன்றையும் தமக்குச் சுட்டியதாக அவரே கூறியுள்ளார். உண்மையும் அன்பும் சேர நீதி. அன்பும் துணிவும் சேரத் தியாகம். உண்மையும் துணிவும் சேர மானம். மூன்றும் சேர ஆன்மிகம். மூன்று பொருளைச் சேர்த்தும் விட்டும் பெறக்கூடிய வகைகள் எட்டு என்பது கணிதம். எட்டாவது, எதுவுமே சேராத வெற்றிடம். அதற்குத்தான் அவர் பணிவு என்று பெயரிட்டார். அறத்தைக் கணிதமாக்குவதில் ஒரு செயற்கைத்தன்மை உண்டு. இரக்கத்தை அன்பின் தனிச்சொத்தாக்குவதும் ஐயத்துக்குரியதே. ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்பவேண்டிய கட்டாயத்தில் அவர் கண்டடைந்த விடை ஆழமானது. மற்ற அறங்களைத் தேடிப் பெறலாம். தேடுதல் என்ற செயலே பணிவைக் கெடுக்கும். ஆட்டத்தில் இது நடைமுறைக்கு வரும்போது சற்றுத் தடுமாறுகின்றது: ஊரார் சிலர் நீ செருக்குடையவனா என்ற வகையிற் கேட்பார்கள், இல்லையென்று தற்பெருமையின்றி விடையளித்தாற் பணிவு வளரும். புள்ளிக்காகப் பணிவு பேசுபவன் அக்கணத்திலேயே நேர்மையை இழக்கிறான். இயந்திரம் அதைக் காணாது. ஆடுபவர் காண்பார்.

‘அவதாரம்’ என்ற சொல்லைக் கரியட் இந்து மரபிலிருந்து எடுத்தார். அதன் திசையை மாற்றிவிட்டார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. நம் வழக்கில் அவதாரம் மேலிருந்து கீழ் வருவது. தேவை கருதித் தெய்வம் இறங்குவது. கரியட்டிலோ மனிதன் கீழிருந்து ஏறுகிறான். சொல் அளவில் இது பிழை. பிழையான அந்தச் சொல், பின்பு கணனியில் ஒருவரைக் குறிக்கும் உருவத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. அப்பரவலில் வேறு ஆட்டங்களுக்கும் பங்குண்டு.

இந்த ஆட்டம் நாற்பதாண்டு கடந்தும் பேசப்படுவதற்கு இன்னொரு காரணம், அதன் ஆசிரியர் தம் விடையை இறுதியானதென்று கருதாமை. 1988இல் வந்த ஐந்தாவது அல்ரிமாவில், அரசன் காணாமற்போக, பிளாக்தோர்ன் என்ற பிரபு ஆட்சியை ஏற்று அதே எட்டு அறங்களையும் சட்டமாக்குகிறான். பொய் சொன்னால் நாக்குப் பறிபோகும். இல்லாதவருக்கு உதவாதவன் அதே இல்லாமைக்கு ஆளாவான். சொற்கள் மாறவில்லை, அறம் கொடுங்கோன்மையாக மாறிவிட்டது. 1990இன் ஆறாவது ஆட்டம் இன்னும் துணிந்தது. அசுரர் போன்ற தோற்றமுடைய கார்கோயில் இனத்தார் படையெடுத்து வருகின்றனர். விசாரித்தால், நாலாவது ஆட்டத்தில் நாம் பெருமையோடு தேடிச்சென்ற ஞானநூல் அவர்கள் உலகத்துக்கு உரியது. அது பறிபோனதால் அவ்வுலகம் அழிகின்றது. அவர்களுக்கும் அறநெறி உண்டு. அதன் மூலங்கள் வேறு: கட்டுப்பாடு, ஆர்வம், விடாமுயற்சி. அவர்கள் கண்ணில் அவதாரபுருடன் ஒரு பொய்த் தீர்க்கதரிசி. எட்டு அறங்களிலும் நிறைவெய்திய ஒருவனே ஓர் இனத்தின் அழிவுக்குக் காரணமாயிருக்கக் கூடும் என்பதை, அவனை உருவாக்கிய கையே எழுதியது. எத்தனை புண்ணியப் புள்ளி சேர்த்தாலும் இந்தக் கடன் அந்தப் பட்டியலில் எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

நாலாவது ஆட்டத்தின் முடிவும் சொல்லத்தக்கது. பாதாளத்தின் அடியில் வினாக்களுக்கு விடையளித்து ஞானநூலைக் கண்டவருக்குப் பொன்னும் இல்லை, அரசும் இல்லை. அறத்தின் தேடல் வாழ்நாள் முழுவதுக்கும் உரியதென்று கூறி, உன் உலகத்துக்கே திரும்பிப் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். அதுவரை அறத்தின் எண்களை ஒளித்துவைத்திருந்த இயந்திரம், கடைசித் திரையில் ஓர் எண்ணைக் காட்டுகின்றது. அது இரக்கத்தின் அளவோ நேர்மையின் அளவோ அன்று; எத்தனை நகர்வுகளில் முடித்தாய் என்பது. அதன் கீழே, இச்செய்தியை ஒறிஜின் நிறுவனத்துக்கு எழுதியனுப்புமாறு ஒரு வேண்டுகோள். பலர் எழுதியிருப்பர். குருட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த காசைப் பற்றி அவர்கள் என்ன எழுதினார்களோ?