இரண்டு மணி டம்ளர்

எங்கள் வீட்டுச் சமையலறையில் இராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரியும். டிஜிட்டல் தராசில் 24 கிராம் மக்காச்சோள மாவு. பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மாவு அடியில் தங்குவதற்குள் மகளைத் தூக்கி உட்காரவைத்துக் குடிக்கவைக்க வேண்டும். நாலரை வயது. கண்ணைத் திறக்காமலே குடித்துவிடுவாள். அடியில் ஒட்டியதை இன்னொரு வாய்த் தண்ணீர் விட்டு அலசிக் கொடுக்கும்போதுதான் சிணுங்குவாள். அந்த அலசலை விட்டுவிட்டால் கொஞ்சம் மாவு டம்ளரிலேயே நின்றுவிடும். விடியும்போது அதன் கணக்கு குளுக்கோமீட்டரில் தெரியும்.

கிளைக்கோஜன் சேமிப்பு நோய், முதல் வகை. லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்கிறார்கள். சாப்பிட்டதில் மிஞ்சியதைக் கல்லீரல் சேர்த்துவைத்து, வயிறு காலியானதும் சர்க்கரையாக இரத்தத்துக்கு எடுத்துக்கொடுக்கும். எடுத்துக்கொடுக்கிற அந்த நொதி இவளுக்கு இல்லை. குதிர் நிறைய நெல் இருக்கிறது, உலைக்கு ஒரு பிடி அரிசி இல்லை. அந்த நொதிதான் குறை என்று கோரி தம்பதி கண்டுபிடித்தது 1952-ல். பச்சை மாவைக் கொண்டே சமாளிக்கலாம் என்று தெரிந்தது 1984-ல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இராத்திரி முழுக்க மூக்கில் குழாய். 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊரெல்லாம் நன்கொடை கேட்கும் பெற்றோரைச் செய்தியில் பார்க்கும்போது, எங்கள் மருந்து மளிகைக்கடையில் கிடைப்பதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

ஆறாம் மாதம் அவள் இராத்திரி முழுக்கத் தூங்க ஆரம்பித்தபோது சந்தோஷப்பட்டோம். கன்னம் உப்பி, வயிறு முன்தள்ளி இருந்ததைக் கொழுகொழுவென்று கொஞ்சாதவர் இல்லை. ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. அந்தக் கன்னமும் வயிறும் நோயின் அடையாளங்கள் என்று தெரிந்துகொள்ள மேலும் நாலு மாதமும் மூன்று ஆஸ்பத்திரியும் ஆயிற்று.

"சர்க்கரை கம்மியாகுற நோய்னா ஒரு லட்டக் குடுங்களேன்" என்பார்கள். நியாயமான கேள்விதான். சீனியில் பாதி ஃப்ரக்டோஸ். அதுவும் கல்லீரலுக்குள் போய் அதே குதிரில் அடைபட்டுவிடும். பழம், பால், பாயசம் எல்லாவற்றுக்கும் இதே கதை. இதை விளக்கி நான் ஒருவரிடமும் ஜெயித்ததில்லை. குழந்தைக்கு இனிப்பு கொடுக்காமல் எப்படிப் பிரியத்தைக் காட்டுவது என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாது.

எங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை. மாவைக் காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் சட்டென்று செரித்துவிடும், பச்சையாக இருந்தால்தான் மூன்று நாலு மணி நேரம் தாங்கும் என்று சொன்னால், "பச்ச மாவ யாராச்சும் பிள்ளைக்குக் குடுப்பாகளா?" என்று கேட்டுவிட்டு, கோயில் சர்க்கரைப் பொங்கலை முந்தானையில் மறைத்து ஊட்டினார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

யார் வீட்டு ரத்தம் என்ற சண்டை மட்டும் எங்களுக்குள் வரவில்லை. வர வழியில்லை. மனைவி என் தாய்மாமன் மகள். மரபணு ஆலோசகர் வம்சத்தை வரைந்தார்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு. இரண்டு பக்கத்துப் பாதையும் போய் முட்டிய இடம் ஒன்றுதான், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி. அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார். அம்மா அந்தத் தாளை வாங்கித் தன் வட்டம் எது என்று கேட்டுத் தடவிப் பார்த்தார்.

வருகிறவர்கள் "எப்பச் சரியாகும்?" என்கிறார்கள். ஆகாது என்றால் முகம் வாடிப்போகிறது. அப்புறம் நாங்கள்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. ரொம்பத் தைரியசாலிகள் என்று எங்களைச் சொல்வார்கள். தைரியம் ஒன்றுமில்லை, மூன்று அலாரம் வைத்திருக்கிறோம். வருத்தப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இத்தனை பேரில் "அடுத்த வேளை எத்தனை மணிக்கு?" என்று கேட்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

மூன்று மாதத்துக்கு முன் மாமா மாரடைப்பில் போனார். மனைவிக்கு அப்பா, அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். வீடு நிறையக் கூட்டம், ஒப்பாரி. மனைவி நினைவில்லாமல் கிடந்தாள். நான் பந்தல்காரருக்கும் மயானத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பத்து மணி வேளை எனக்கு உறைத்தபோது பத்தேகால். ஓடினேன். அடுக்களையில் தலைவிரிகோலமாக அம்மா, தராசு முன் குந்தியிருந்தார். அவருக்கு எண் தெரியாது. பக்கத்தில் நின்ற மகள் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெண்டு, மூணு... ரெண்டு, நாலு. போதும் அப்பத்தா." எழவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, இந்த மருந்துக்கு அடுப்பே தேவையில்லை. குடிக்கவைத்து, டம்ளரை அலசி, அந்தத் தண்ணீரையும் குடிக்கவைத்துவிட்டு, முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். பிறகு கூடத்துக்குப் போய் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதார்.

சென்ற வாரம் எல்.கே.ஜி. ஆயாவும் கற்றுக்கொண்டார். ஆக, அந்த மாவைக் கரைக்கத் தெரிந்தவர்கள் இப்போது நாலு பேர். ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.