கோபம் யாருடையது?

பட்டாபிராமில் ஒரு ஜும்ஆ. ஒலிபெருக்கி கிறீச்சிட்டதும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். "பிள்ளை வளர்க்கத் தெரியாதா?" என்று ஒருவர் சீறினார். மறு வாரம் தகப்பனார் தனியாகவே வந்தார். அன்று ஸஃப்பில் இருந்த நாமும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் நம்மை உறுத்துகிறது.

சிறுவனுக்கு இருப்பது ஆட்டிசம். இது ஜின் தொல்லையுமல்ல, வளர்ப்பின் குறையுமல்ல. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது. ஓசையும் கூட்டமும் தாங்காத தவிப்பே நமக்குக் கோபமாகத் தெரிகிறது.

கோபத்தை அடக்கச் சொல்லும் நபிமொழி அடக்க இயன்றவருக்கு உரியது. அன்று இயன்றவர் யார்? நாமல்லவா! குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கியவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள்.

அப்படியானால் பிள்ளையைப் பழக்க வேண்டாமா? அவசியம் பழக்க வேண்டும். முதலில் கூட்டம் குறைந்த வக்துக்கு அழைத்து வாருங்கள். ஒலு, ஸஃப்பு, ஸலாம் என்ற வரிசையைப் படமாக வரைந்து காட்டுங்கள். தவிப்பு தொடங்கினால் அதட்டாமல் அமைதியான மூலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முகம் பார்க்க வற்புறுத்தாமல், ஒருவருக்கு மட்டும் ஸலாம் சொல்லப் பழக்குங்கள். முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனத்தில் பயிற்சியும் உண்டு.

ஜமாஅத்தார் ஒலிபெருக்கியைத் தணிக்கட்டும். நாம் அந்தத் தகப்பனாரின் வீட்டுக்குச் சென்று, பிள்ளையோடு வரும்படி அழைப்போம். அல்லாஹ் நமக்குப் பொறுமையை அருள்வானாக! ஆமீன்.