சூரனை மயிலாக்கியவன்



போன மாசம் என் முதல் டிரையத்லான். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 'ஓம் சரவணபவ' சொல்லிட்டு தண்ணில இறங்கினேன். நீச்சல் நல்லா முடிஞ்சது. சைக்கிள்ல பறந்தேன். இறங்கி ஓட ஆரம்பிச்சா கால் ரெண்டும் கல்லு. ஆறாவது கிலோமீட்டர்ல உட்கார்ந்துட்டேன். முடிக்கல.

வீட்டுக்கு வந்து பூஜை அறைப் பக்கமே போகல. "செவ்வாய்க்கிழமை தவறாம விரதம் இருந்தேனே, ஏன் கைவிட்ட?"ன்னு கோபம்.

ஒரு வாரம் கழிச்சு, திருச்செந்தூர் சூரசம்ஹார வீடியோ ஒண்ணு போன்ல வந்தது. மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டா பிளந்தது. ஆனா முருகன் அவனை அழிக்கல. ஒரு பாதியை மயிலாக்கி ஏறிக்கிட்டான். மறு பாதியை சேவலாக்கிக் கொடியில வச்சான்.

நான் என் தோல்வியை மறைக்கத்தான் பார்த்தேன், பிளந்து பார்க்கல. அன்னைக்குத்தான் வாட்ச்ல பதிவானதைத் திறந்தேன். சைக்கிள்ல முதல் 20 கி.மீ., பயிற்சியில போனதைவிட ரொம்ப வேகம். குடிச்சது அரை பாட்டில் தண்ணி. சைக்கிள் முடிச்ச கையோட ஓடிப் பழகினது ஒரு தடவைகூட இல்ல.

இப்போ ஞாயிறுதோறும் 30 கி.மீ. சைக்கிள், இறங்கினதும் 3 கி.மீ. ஓட்டம். முதல் பாதியில வேகத்தை அடக்குறேன். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணி. விரதமும் தொடருது; ஆனா பயிற்சிக்குப் பதிலா இல்ல.

தோல்வியை அழிச்சிடுன்னு அவன்கிட்ட கேட்காதீங்க. மயிலாக்கித் தான்னு கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!