மூன்று நிமிடம்

இந்த மாசம் பகவத் கீதை இரண்டாம் அத்தியாயம் 47வது சுலோகத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று சமய வகுப்பில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த அதே சுலோகம்தான். எனக்கு அது லங்காவியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புரிந்தது. சிரிக்காதீங்க, முழுசா படிங்க.

அலோர் ஸ்டாரில் இருக்கும் என் மாமாதான் எனக்கு கோல்ஃப் பழக்கியவர். மழை விட்டு சீசன் தொடங்கியதும், ஜனவரியில், வருஷத்தின் முதல் ஆட்டத்துக்கு என்னைத் தெலுக் டத்தாய் கூட்டிப் போனார். குவாலா கெடாவில் ஃபெரி ஏறிப் போனோம். அங்குள்ள எல்ஸ் கிளப் மைதானம், தென்னாப்பிரிக்க வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்து 2014ல் திறந்தது. பின்னால் மாட் சின்சாங் மலை, முன்னால் அந்தமான் கடல், இரண்டு பக்கமும் மழைக்காடு. பங்கர் என்கிற மணல்குழி ஒன்றுகூடக் கிடையாது. தேவையும் இல்லை. காட்டுக்குள் போன பந்து போனதுதான்.

அப்போது தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்து விரதத்தில் இருந்தேன். பசியாறியது வாழைப்பழமும் மைலோவும். ஹாஸ்டலில் யாரும் பார்க்காத நேரத்தில்கூட கோழியைத் தொடவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு. இன்னொரு ஆசையும் இருந்தது. அதுவரை ஒரு தடவைகூட நான் நூறுக்குள் முடித்ததில்லை.

14வது ஹோல். டிரைவரை எடுத்து ஓங்கி அடித்தேன், பந்து வலது பக்கக் காட்டுக்குள் போனது. அங்கேயே இன்னொரு பந்தை மாற்றாக அடித்து வைத்திருக்கலாம். 'கிடைச்சிடும் மாமா'ன்னு கௌரவமாகக் கிளம்பிட்டேன்.

தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 2019க்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு. ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். வாட்ச்சில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேருக்கு நடுவில் என் பந்தைப் பார்த்தபோது நான்கு நிமிடம் தாண்டிவிட்டது. மாமா ஃபேர்வேயின் அந்தப் பக்கம் பக்கியில் உட்கார்ந்திருந்தார். மேலே கிளையில் ஒரு குரங்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. (ஆஞ்சநேயர் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.)

'கிடைச்சிடுச்சு!' என்று கத்தினேன். அடித்தேன்.

மொத்தம் 99. மாமா முதுகில் தட்டி, 'வாடா மருமகனே, இன்னிக்கு என் செலவு'ன்னார். சந்தோஷமே வரவில்லை.

பலனை எதிர்பார்க்காதே என்றால், தோற்றால் அழாதே என்ற ஆறுதலாகத்தான் அதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் என்று நினைக்கிறேன். அன்று நான் தோற்கவே இல்லையே! 99 வேண்டும் என்ற ஆசை முதலில் கெடுத்தது என் நிம்மதியை அல்ல, என் செயலை. கண் வாட்ச்சைப் பார்த்தது, வாய் வேறு சொன்னது. லேப்பில் கிராஃப் நேர்கோடாக வரணும்னு ரீடிங்கைத் திருத்துவோமே, அதே வேலை. எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்கு விளக்கமே வேண்டாம். இறைவன் எல்லா உயிரின் இதயத்திலும் இருக்கிறான் என்று அதே கீதை 18ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. கோழி விஷயத்தில் அவனை நம்பிய நான், வாட்ச் விஷயத்தில் மறந்துவிட்டேன்.

கார்டில் கையெழுத்துப் போடும் முன் மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் செய்ததைச் சொன்னார். ரஃபில் அவருடைய பந்து லேசாக அசைந்தது. வேறு யாருமே பார்க்கவில்லை. அவரே தனக்கு ஒரு பெனால்டி போடச் சொன்னார். கடைசியில் ஸ்கோர் சமமாகி, பிளே-ஆஃபில் பட்டத்தைக் கோட்டைவிட்டார்.

'சரி, நான் எத்தனை கூட்டணும் மாமா?'

'கூட்டுறதா? தொலைஞ்ச பந்தை அடிச்சுட்டு அப்படியே அடுத்த ஹோலுக்கு வந்துட்டே. போட்டியா இருந்தா கார்டே செல்லாதுடா.' கார்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். 'பூசம் முடிஞ்சதும் வா, திரும்ப ஆடலாம்.'

பத்து மலையில் 272 படி ஏறும்போது பால்குடத்தை விட அந்தக் கார்டுதான் கனத்தது. இன்னும் தூக்கிப்போடவில்லை.