சொல்லும் பதிலும்

உணராத ஒரு சொல்லைச் சொல்வது பொய்யா? சிறுபத்திரிகை வாசகனிடம் இதற்குப் பதில் தயாராகவே இருக்கும். அனுபவம் முதலில், சொல் பிறகு. அனுபவத்தின் பலம் இல்லாத சொல் வெறும் சப்தம். இந்த அடிப்படையின் மீதுதான் புதுக்கவிதை நின்றது. மேடைத் தமிழை நாம் நிராகரித்ததும் இதே அடிப்படையில்தான். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதி வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு ஜப்பானில் வந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்திலுள்ள அண்ணாகிராமத்திலிருந்து போய், கவாஸாகியில் எட்டு வருஷங்கள் வேலைபார்த்து, அந்த மொழியை வகுப்பில் கொஞ்சமும் வாடகை வீட்டிலும் கடையிலும் ரயிலிலும் நிறையவுமாகக் கற்றுக்கொண்டவன் நான்.

ஜப்பானியரின் ஒரு நாள், விடிந்ததிலிருந்து அடைவது வரை, முன்பே தீர்மானமான வாக்கியங்களால் ஆனது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்கிறார். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்கிறார், போய்விட்டு வாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் வாசற்படியில் நின்று 'போறேன்' என்று சொல்லிவிட்டால் கிழவிகள் விடமாட்டார்கள். 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்திய பிறகுதான் அனுப்புவார்கள். இரண்டு மொழிகளும் இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் ஒன்றாக நிற்கின்றன.

இப்படி ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டதும் நமக்கு உடனே வம்சாவளி ஞாபகம் வந்துவிடுகிறது. கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸுஸுமு ஓனோ (1919–2008) ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதினார். நம் பொங்கலையும் அங்கே ஜனவரி 15இல் கொண்டாடப்படும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவருடன் உழைத்தார்கள். ஒப்பியல் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அது ஒருபுறமிருக்க, நம் மேடைகள் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. ஜப்பானியம் நம் பிள்ளை என்ற சந்தோஷம் கிடைத்தது. அந்தப் பிள்ளையோடு பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அநேகமாக யாருக்கும் வரவில்லை. பெருமைக்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழும் கல்வெட்டெழுத்தும் பயின்று, சோழர் கால நிலவுடைமையைப் பற்றி நமக்கே புதிதாகச் சொன்ன நொபொரு கராஷிமா, வம்சாவளி எதையும் சுமந்து வரவில்லை. கிளம்பிப் போகிறவர் திரும்பி வராமல் போகக்கூடும் என்ற பயம் உள்ள எந்த வீட்டிலும் 'போய் வருகிறேன்' பிறக்கலாம். அதற்குத் தாய் மொழியொன்று வேண்டியதில்லை.

எனவே ஒற்றுமையை விட்டுவிட்டு, அந்த வாக்கியங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். சாப்பிடும் முன் ஜப்பானியர் 'இத்ததகிமாஸ்' என்கிறார். தலைமேல் ஏற்றுப் பெறுதல் என்பது அந்த வினையின் பழைய பொருள். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது விளங்கும். ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரும் கையைக் கூப்பி முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டே குச்சியை எடுக்கிறார். எதிரில் ஆள் கிடையாது. சமைத்தவர் உள்ளே இருக்கிறார். விளைவித்தவர் எங்கோ இருக்கிறார். 'ஸுமிமஸென்' இன்னும் விசேஷம். மன்னிக்கவும், நன்றி, கொஞ்சம் வழிவிடுங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான். சொல்லைப் பிரித்தால், தீரவில்லை, கணக்கு முடியவில்லை என்று வரும். நன்றி என்ற சொல் கடனை அடைத்துவிட்ட தோரணையில் வருகிறது; இதுவோ கடன் நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. எங்கள் ஊரிலும் சோறு போட்டவளிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. அங்கே மௌனம் செய்வதை இங்கே ஒரு சொல் செய்கிறது.

இவற்றைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர்கள் உணர்ந்தா சொல்கிறார்கள்? இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டவன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே 'இத்தெகிமாஸ்' என்று வீசிவிட்டு ஓடுகிறான். ஸார்த்தர் 1943இல் எழுதிய பெரிய நூலில் ஹோட்டல் பணியாளன் ஒருவன் வருகிறான். பணியாளன் என்ற வேஷத்தைக் கொஞ்சம் அதிகக் கச்சிதமாகவே நடிக்கிறவன். தன் சுதந்திரத்தை மறைத்துக்கொள்கிறவன். அந்தக் கண்ணால் பார்த்தால் ஜப்பானே ஒரு மாபெரும் நடிப்பு. ஆனால் ஒரு குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? மாமாவுக்கு வணக்கம் சொல்லு என்கிறோம், சொல்கிறது. மரியாதை என்ற உணர்வு அதற்கு அப்போது கிடையாது. சொல் முதலில் வந்து இடம் பிடித்துக்கொள்கிறது, உணர்வு பிறகு வந்து குடியேறுகிறது, சில சமயம் வராமலும் போகிறது. கன்பூசியஸ் சடங்குக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்ததும் இதனால்தான் என்று தோன்றுகிறது. அயல் மொழியை அதன் ஊரில் வாழ்ந்து கற்கிறவன் நாற்பது வயதில் மறுபடியும் அந்தக் குழந்தையாகிறான். உணர்ந்த பிறகே சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தால் அவன் வாயே திறக்க முடியாது.

சொல் மனிதனைச் செய்யும் என்பதற்கு மரியாதை மொழியைவிடச் சிறந்த உதாரணமில்லை. ஜப்பானியத்தில் ஒரே வினைக்கு எதிராளியை உயர்த்தும் வடிவம் உண்டு, தன்னைத் தாழ்த்தும் வடிவமும் உண்டு. நீங்கள் வருவது 'இரஷ்ஷரு', நான் வருவது 'மைரு'. அதைவிட விசித்திரம், தாழ்த்துவதில் தன் வீட்டாரும் சேர்த்தி. நேரில் அப்பாவை 'ஒத்தோஸான்' என்று மரியாதையாக அழைப்பவன், வெளியாரிடம் அவரைப் பற்றிப் பேசும்போது, நம் காதுக்கு அருவருப்பொலியாக விழும் 'சிச்சி' என்ற வெறும் சொல்லால் குறிக்க வேண்டும். தன் கம்பெனி முதலாளியைக்கூட வெளிக் கம்பெனிக்காரரிடம் 'ஸான்' சேர்க்காமல்தான் சொல்ல வேண்டும். அப்பா வந்தார், தாத்தா சொன்னாங்க என்று ஊரெல்லாம் சொல்லி வளர்ந்தவனுக்கு இது நாக்கில் ஏறுவதில்லை. ஏறிய பிறகு ஒன்று புரிகிறது: மரியாதை ஒரு ஆளின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொத்து அல்ல. எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அது இடம் மாறுகிறது.

தமிழிலும் அது மனிதர் வைத்துக்கொண்டதுதான். ஒருவரைப் பன்மையால் குறிக்கும் உயர்சொல் வழக்கில் உண்டு, இலக்கண நெறி ஆகாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு யாருடைய வழக்கு என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில், முந்திரித் தோப்பிலும் கரும்புக் கொல்லையிலும், காலனியைச் சேர்ந்த எழுபது வயதுக்காரரை ஊர்த்தெருவின் இருபது வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டு, அவர் 'வாங்க சின்னய்யா' என்று பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அங்கே மரியாதை இடம் மாறவில்லை. பிறந்த வீட்டோடு ஆணியடிக்கப்பட்டிருந்தது. ஜப்பானை இதற்கு எதிர்ப்பக்கமாக வைத்து நான் பேசவில்லை. அங்கும் பிறப்பால் தள்ளிவைக்கப்பட்ட புராக்கு மக்கள் உண்டு. 1871 ஆணை அவர்களுடைய இழிபெயர்களை எடுத்தது. இழிவு போகாததால் 1922இல் அவர்களே ஸூய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. மொழி ஒரு மனிதனைத் திருத்தும் என்றால், அதே மொழி அவனை அடக்கவும் செய்யும்.

இதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. தென்னார்க்காட்டிலிருந்து மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் அநேகம். என் சிறுவயதில், அங்கிருந்து திரும்பிய கிழவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். 'இச்சி, நி, ஸான், ஷி' என்று எண்ணிக் காட்டுவார். காலையில் வரிசையில் நின்று தலை எண்ணியபோது பழகிய எண்கள். 1942, 43இல் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுஸயாட்வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) அந்தக் கால மேடானையும் பினாங்கையும் நமக்குக் காட்டியது. ரயில்பாதையைப் பற்றி ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' (1993) எழுதினார். ஜப்பானிய மொழியை அன்றாட வாழ்க்கையின் வழியாகக் கற்ற முதல் தமிழ்க் கூட்டம் அநேகமாக இவர்கள்தாம். வகுப்பில்லை, புத்தகமில்லை. எண்கள், 'ஹாய்' என்ற ஆமாம், 'பாகாயாரோ' என்ற வசவு. சொல் முதலில் வந்தது, சந்தேகமில்லை. அதில் குடியேறியது பயம்.

ஆகவே, சொல் முதலா உணர்வு முதலா என்ற கேள்வி போதாது. இரண்டிடத்திலும் சொல்தான் முதலில் வந்தது. வித்தியாசம் பதிலில் இருக்கிறது. 'இத்தெகிமாஸ்' என்றால் உள்ளேயிருப்பவருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது. சொன்னவன் உணரவில்லை என்பதற்காக அவர் பேசாமலிருக்க முடியாது. 'இத்ததகிமாஸ்' தானே ஒரு பதில், ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டதற்கு. கிழவர் கற்ற 'ஹாய்' என்ற சொல்லுக்கு எதிர்ப்புறத்தில் யாரையும் கட்டும் பலம் கிடையாது. இன்றைய ஜப்பானிலும் இப்படி ஒரு சொல் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் ஊழியர்கள் 'இரஷ்ஷைமஸே' என்று வரவேற்கிறார்கள். வாடிக்கையாளர் பதில் சொல்வதில்லை, சொல்ல வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஸார்த்தரின் பணியாளன் இங்கேதான் நிற்கிறான், வாசற்படியில் அல்ல. ஒரு வாய்பாட்டுச் சொல்லின் மெய், சொல்கிறவனின் நெஞ்சைத் திறந்து பார்த்துத் தெரிவதல்ல. கேட்கிறவனையும் அது கட்டுகிறதா என்று பார்த்தால் தெரியும்.

இது வெறும் தத்துவப் பிரச்னையாக இனி இருக்கப்போவதில்லை. 2019இல் ஜப்பான், குறிப்பிட்ட திறன் பெற்ற அயல்நாட்டுத் தொழிலாளருக்கென்று தனி விசா ஏற்படுத்தியது; 2021 ஜனவரியில் இந்தியாவோடு அது குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கப் போகிறார்கள். 1984இல் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சு கிடையாது. சரியான விடையைத் தேர்ந்து குறித்தால் போதும். பேச்சை அவர்கள் அங்கேதான் கற்பார்கள், யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டும்போது, தொடுமுன் 'ஷித்ஸுரெய் ஷிமாஸ்', மரியாதைக் குறைவுக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி. அந்தக் கிழவரும் அவர் வீட்டாரும் இவர்களுக்குப் பதில் சொல்வார்களா, அல்லது கடை வாசலில் போல் பேசாமல் கடந்துபோவார்களா என்பது ஜப்பானின் தேர்வு.

நமக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. வயதானவர் உடம்பைத் தொடுவதற்கு முன்னால் அனுமதி கேட்டுப் பழகிய நாக்கு, நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கும். எதிரில் காலனிப் பெரியவர் வருவார். 'வாடா' என்ற சொல் அந்த நாக்குக்கு ஜப்பானியத்தைவிடப் பழக்கமானது. அப்போது அது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறதோ, அதுதான் அவன் ஜப்பானில் கற்ற மொழி.