நெஞ்சுறுதி எப்போது பிறக்கிறது?

"அந்த நேரத்தில் கைகால் பதறிவிட்டது, புத்தி வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். பரீட்சை மண்டபத்தில் படித்தவையெல்லாம் மறந்துபோன மாணவனும், வீதி விபத்தொன்றைக் கண்டு செய்வதறியாது நின்றவரும் இதையே சொல்கின்றனர். அதே இடத்தில், அதே நேரத்தில், நிதானம் இழவாமல் காரியமாற்றிய வேறொருவரும் இருந்திருப்பார். அவரைச் சுட்டி, "அது அவருடைய பிறவிக்குணம்" என்று சொல்லி நாம் விடயத்தை முடித்துக்கொள்கிறோம். இது சரியான தீர்ப்பா? மனத்திடம் சிலருக்கு மட்டும் வாய்த்த கொடையா? அல்லது முயன்று தேடிக்கொள்ளத்தக்க ஒன்றா? தேடிக்கொள்ளத்தக்கதாயின், நெருக்கடியில் தவறியவன் குற்றவாளியா?

இவ்வினாக்களுக்கு விடை காண உதவும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1969 யூலை 20ஆம் நாள், அப்பலோ 11 பயணத்தின்போது, நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் எட்வின் ஓல்ட்ரினும் சந்திரத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். திடீரென அவர்களது கலத்திலிருந்த கணனி 1202 என்னும் எச்சரிக்கை இலக்கத்தைக் காட்டியது. ஆம்ஸ்ட்ரோங் பூமியிலிருந்து விளக்கம் கேட்டார். தொடர்ந்து இறங்குவதா, முயற்சியைக் கைவிட்டு மேலெழுவதா என்பதைச் சில விநாடிகளுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இதற்குப் பொறுப்பாயிருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. பின்னறையிலிருந்து அவருக்கு உதவிய ஜாக் கார்மனுக்கு வயது 24. "தொடரலாம்" என்று அவர்கள் தயங்காமல் விடையளித்தார்கள். கலம் பத்திரமாகத் தரையிறங்கியது.

இவ்விளைஞரின் நெஞ்சுறுதி வியப்புக்குரியதே. ஆனால் அது அன்று பிறந்ததன்று. அதே மாதத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகை ஒன்றிலே, பயிற்சி கொடுப்போர் இதைப் போன்ற எச்சரிக்கை ஒன்றை வேண்டுமென்றே புகுத்தியிருந்தனர். அன்று பேல்ஸ் பயணத்தைக் கைவிடும்படி சொன்னார். அது தவறான முடிவு என்று ஒத்திகை முடிந்ததும் எடுத்துக்காட்டப்பட்டது. கணனி தாங்கமுடியாத வேலை சேரும்போது, அது முக்கியம் குறைந்த வேலைகளை விட்டுவிட்டு, இன்றியமையாதவற்றை மட்டும் தொடர்ந்து செய்யும். அந்த எச்சரிக்கையின் பொருள் அதுவே. பணிப்பாளராயிருந்த ஜீன் கிரான்ஸ் எச்சரிக்கைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக ஆராயும்படி பணித்தார். கார்மன் அவற்றையும், அவற்றுக்குச் செய்யவேண்டியதையும் தம் கைப்பட ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். யூலை 20ஆம் நாள் விநாடிகளுக்குள் வந்த விடை, பல மணிநேர உழைப்பினால் முன்னரே தேடப்பட்ட விடையாகும்.

இதிலே இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியவை. முதலாவது, பயிற்சி அச்சத்தையும் பரபரப்பையும் அழித்துவிடுவதில்லை. எத்தனையோ ஒத்திகைகளைக் கடந்துவந்த ஆம்ஸ்ட்ரோங்கின் இதயத்துடிப்பே தரையிறங்கும் வேளையில் நிமிடத்துக்கு 150 ஆக இருந்தது. நெஞ்சு படபடப்பதைக் கோழைத்தனம் என்று எண்ணுவது பிழை. படபடப்பின் நடுவிலும் கை தன் வேலையைச் செய்யப் பழகியிருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, ஒத்திகையில் தவறிய பேல்ஸ் பதவியிலிருந்து அகற்றப்படவில்லை. தவறிய அதே மனிதரே, தரையிறங்கும் நாளிலும் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்தார்.

பழைய அறிஞர்களும் இவ்விடயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். எதிர்பாராமல் வரும் ஆபத்தில் கலங்காதிருப்பவனே மேலான துணிவுடையவன் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. முன்னறிந்த ஆபத்துக்கு யோசித்து ஆயத்தமாகலாம். திடீரென வருவதற்கோ மனிதன் தன் பழக்கத்தினாலன்றி வேறெதனாலும் முகங்கொடுக்க முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாஸ் இதே வினாவை எடுத்து, இருபுறமும் நிறுத்துப் பார்த்தார். வரக்கூடியதை முன்கூட்டியே சிந்தித்து ஆயத்தமாவது திடமுள்ளவனின் இயல்பு. ஆயினும், அத்திடம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டதா என்பதைத் திடீர் ஆபத்தே வெளிப்படுத்தும் என்றார். ஆகவே நெருக்கடி நெஞ்சுறுதியை உண்டாக்குவதில்லை. முன்னரே இருப்பதை, அல்லது இல்லாததை, அது காட்டிக்கொடுக்கிறது.

அப்படியாயின் பொறுப்பு எங்கே இருக்கிறது? பதறிய அந்த நொடியில் அன்று. அதற்கு முந்திய அமைதியான நாட்களில் இருக்கிறது. ஆயத்தம் செய்யக் கடமையும் வாய்ப்பும் இருந்தும் அசட்டையாயிருந்த வைத்தியரோ, சாரதியோ, "பதறிவிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கொள்ள முடியாது. ஆனால் இதே நியாயம் வேறு பலருக்கு விடுதலையளிக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, நம் கரைகளில் வாழ்ந்தோர் அத்தகைய அலையைக் கண்டவரல்லர். எச்சரிக்கை பெற்றவரும் அல்லர். அன்று பிள்ளையின் கை நழுவிப்போன தாய்மார் உண்டு. திரும்பிப் பாராமல் ஓடியவர்களும் உண்டு. "நான் வேறுவிதமாகச் செய்திருக்கலாமே" என்ற எண்ணம் இன்றும் அவர்களை வாட்டுகிறது. ஆயத்தமாக வழியே இல்லாதிருந்த ஒன்றுக்காக மனிதனிடம் கணக்குக் கேட்பது நீதியன்று. தன்னிடமே அப்படிக் கணக்குக் கேட்பதும் நீதியன்று. அவர்கள் சுமப்பது துயரம், குற்றமன்று.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பதறாமை மட்டும் மனிதனை நல்லவனாக்கிவிடாது. கைதேர்ந்த திருடனும் பதறுவதில்லை. அதனாலேயே தோமஸ் அக்குவைனாஸ் விவேகத்தையும் நீதியையும் முன்வைத்து, திடத்தை அவற்றுக்குப் பின்னே வைத்தார். எதற்காக உறுதியாய் நிற்கிறோம் என்பது தெளிவாயில்லாவிடின், உறுதி வெறும் சாமர்த்தியமாகவே முடியும்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நெருங்கும்போது பிள்ளைகளை விடப் பெற்றாரே அதிகம் பதறுவதைக் காண்கிறோம். "இதிலே தவறினால் உன் வாழ்க்கை முடிந்தது" என்னும் சொல் பிள்ளைக்குத் திடத்தைக் கொடுப்பதில்லை. ஏற்கனவே உள்ள பாரத்தின்மேல் இன்னொரு பாரத்தையே ஏற்றுகிறது. பழைய வினாத்தாளை மணிக்கூட்டை முன்வைத்து, உரிய நேரத்துக்குள் எழுதிப் பழகட்டும். கடினமான வினா வந்தால் அதை விட்டு, தெரிந்ததை முதலில் செய்யப் பழகட்டும். அக்கணனியும் அதைத்தானே செய்தது! பதற்றம் ஏறும்போது பேனையை வைத்துவிட்டு, மெதுவாக நாலைந்து முறை மூச்சு விடப் பழகட்டும். இவை சிறு காரியங்கள். ஆனால் முன்னரே பழகாதவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் இவை நினைவுக்கு வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு பிள்ளை தவறக்கூடிய இடமாக இருக்கவேண்டும். குறைந்த புள்ளியோடு வரும் பிள்ளை அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சித் தேர்ச்சி அறிக்கையை ஒளித்துவைத்தால், எங்கே பிழைத்தது என்று பார்க்கும் வாய்ப்பு அப்பிள்ளைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. "எங்கே பிழைத்தது? வா, இருந்து பார்ப்போம்" என்று சொல்லும் தகப்பனே பிள்ளையின் நெஞ்சில் உறுதியை விதைக்கிறான். தவறியபின்னும் தனக்குரிய ஆசனம் தனக்கு இருக்கிறது என்று அறிந்த பிள்ளை, பெரிய சோதனை வரும் நாளிலும் அந்த ஆசனத்தைவிட்டு எழுந்து ஓடாது.

அந்த நாள் எப்போது வரும் என்று நாம் அறியோம். ஆயத்தம் செய்வதற்கு நம் கையிலிருப்பது இன்றைய அமைதியான நாளே.