பூவுக்குக் கீழே பாருங்கள்

நாலு மஞ்சள் இதழ்கள், குறுக்கும் நெடுக்குமாக. உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். நாலு நெட்டை, இரண்டு குட்டை. இது போதும், கடுகுக் குடும்பத்துச் செடி என்று துணிந்து சொல்லிவிடலாம். அந்தக் குடும்பத்தில் அது யார்? பூவைக் கேட்டால் தெரியாது. காயைக் கேளுங்கள்.

கலிஃபோர்னியாவில் வசந்தம் வந்தால் மலைச்சரிவெல்லாம் மஞ்சள். பெரும்பாலும் அது கருங்கடுகு. ஐரோப்பியர்களோடு கடல் தாண்டி வந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளிய செடி. அதே நாலு இதழோடு அந்த மண்ணிலேயே பிறந்த வால்ஃப்ளவர் என்ற செடியும் பூக்கிறது. அவசரக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காய்க்கட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்துப் பூங்கொத்து அடியிலிருந்து மேல்நோக்கி மலரும். நுனியில் மொட்டு இருக்கும்போதே கீழே காய் பிடித்திருக்கும். கண்ணைக் கொஞ்சம் இறக்கினால் ஆயிற்று. கருங்கடுகின் காய் குட்டை. தண்டை ஒட்டியே நிற்கும். வால்ஃப்ளவரின் காய் ஒல்லியாக, நீளமாக, தண்டை விட்டு விலகி நிற்கும். விரலால் உருட்டிப் பாருங்கள், நாலு பட்டை தட்டுப்படும். கையில் லென்ஸ் இருந்தால் இலையையும் பார்த்துவிடுங்கள். வால்ஃப்ளவர் இலையின் நுண்ரோமங்கள் நுனி பிளந்து, எழுந்து நிற்காமல் இலையோடு படிந்து கிடக்கும். எவ்வளவு அழகு!

இந்த நிதானத்துக்கு மதிப்பு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, சான் வாக்கீன் ஆற்றங்கரையில் ஆன்டியாக் மணல்மேடுகள் இருக்கின்றன. செங்கல்லுக்காக மணலை அள்ளி அள்ளி, மேடு பெரும்பாலும் கரைந்துபோன இடம். கான்ட்ரா கோஸ்டா வால்ஃப்ளவர் என்ற வகை இயற்கையாக வளர்வது உலகத்திலேயே அங்கே மட்டும்தான். 1978-இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள செடியாக அறிவித்தது. 1980-இல் அந்த மேடுகள் தேசிய வனவிலங்குப் புகலிடமாயின. வெளியிலிருந்து வந்த களைகள்தான் இன்றைக்கும் அங்கே பெரிய தொல்லை.

அந்த மணலில் களை எடுக்கக் குனிகிறவர் மஞ்சளை மட்டும் பார்த்தால் போதாது. இந்த வால்ஃப்ளவர் பெரும்பாலும் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்ததும் பட்டுப்போகும். அதன் அடுத்த தலைமுறை முழுவதும் அந்த ஒல்லிக் காய்களுக்குள்தான் இருக்கிறது.